ஐம்பத்து நான்கு லீட்டர்

கடையில் நான் மீனைக் கேட்டேன்.
வீச்சோரெக் தொட்டியைக் கேட்டார்.
நீளம் அறுபது, அகலம் முப்பது,
உயரமும் முப்பது என்றேன்.
காதில் செருகிய பென்சிலைத் தொடாமலே சொன்னார்:
ஐம்பத்து நான்கு லீட்டர்.
கல்லும் மணலும் போக நாற்பத்தைந்து என்று வையுங்கள்.

ஏஞ்சல் மீன் ஒரு சோடி?
அது உயரத்துக்கு வளருகிற சாதி,
உங்கள் தொட்டியில் செட்டை மடிந்து நிற்கும்.
கப்பி?
வூப்பர்டால் குழாய்த் தண்ணீர் மெல்லியது,
கப்பிக்குச் சுண்ணாம்பு வேண்டும்.
அதோடு, இன்றைக்கு மூன்று என்றால்
கோடைக்குள் முப்பது. யாருக்குக் கொடுப்பீர்கள்?
நீலப் பைட்டர் ஒன்றைக் காட்டினேன்,
துணைக்கு நாலு புலிவரிக் கெண்டை.
அவர் சிரித்தார்.
அந்த வாலை ஒரு கிழமைக்குள்
நூல் நூலாய்ப் பிரித்துவிடுவார்கள் என்றார்.

கடைசியில் மீன் விற்கவே இல்லை.
ஒரு பை மணல், ஒரு கட்டு நீர்ப்புல்,
தண்ணீரைச் சோதிக்கும் துளிமருந்து.
ஐந்து கிழமை கழித்து வாருங்கள்.

ஃபோவிங்கலில் என் வீடு இரண்டாம் மாடி.
தொங்கு ரயில் சன்னலுக்கு நேரே போகும்;
போகும்போதெல்லாம்
தொட்டியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய நடுக்கம்.
வேலை முடிந்து வந்து
சப்பாத்தைக் கழற்றாமல் குந்தியிருந்து
வெறும் தண்ணீரைப் பார்ப்பேன்.
குழாயில் நிறம் சிவந்துகொண்டு வந்தது.
கண்ணுக்குத் தெரியாத ஏதோ
உள்ளே குடியேறுகிறது என்று அர்த்தம்.

மூன்றாம் கிழமை தவநேசன் அண்ணை வந்தார்,
வீடு பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதென்று
பிளாஸ்டிக் பையில் ஒரு தங்கமீன்.

இது குளிர்தண்ணி மீன் அண்ணை,
முழங்கை நீளத்துக்கு வளரும்,
தண்ணியும் இன்னும் பழுக்கேல்லை,
இப்ப விட்டால் செத்துப்போகும்...
நான் வீச்சோரெக்கின் குரலில் பேசுவது
எனக்கே கேட்டது.

அவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"ஒண்டுதானே, ஒதுங்கிக் கிடக்கும்."

அந்த வசனம் எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றொன்று, பார்மன், மாசிப் பனி.
ஓர் அறை, ஆறு பேர், நாலு மெத்தை,
படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரே கக்கூசு.
பின்னால் கதவோடு கதவாய் ஏழாவது ஆள்,
கையில் ஒரு பை.
ஆறு பேரில் அஞ்சு பேர் கணக்குச் சொன்னார்கள்.
கணக்கு சரிதான், பிழை சொல்ல ஏலாது.
தவநேசன் அண்ணை எழும்பித்
தன் போர்வையை இரண்டாய் மடித்தார்:
"ஓராள்தானே, ஒதுங்கிக் கிடக்கும்."

அடுப்புக்கும் சுவருக்கும் இடையில்
பதினாலு மாதம் ஒதுங்கிக் கிடந்தேன்.
நீளம் என் நீளம். அகலம் ஒரு பக்கம் சரிந்தால் மட்டும்.

தங்கமீனை வாளியில் விட்டோம்.
அண்ணை கோபத்தில் தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை.
பிறகு இரவிரவாக
தானே இரண்டு தரம் எழும்பிப் போய்
வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.
விடிய இருவருமாய்க் கொண்டுபோனோம்,
பஸ்ஸில் வாளியை மடியில் அவரே வைத்திருந்தார்.
வீச்சோரெக்கிடம் வீட்டுக்குப் பின்னால் குளம் இருந்தது.
"எத்தனை லீட்டர் எண்டு கேள்" என்றார் அண்ணை,
நான் மொழிபெயர்த்தேன்.

ஐந்தாம் கிழமை முடிந்து
நியான் டெட்ரா, பத்துக்குக் குறையாமல் என்று
பத்து வாங்கிவந்தேன்.
பையின் வாயை அவிழ்த்து,
சூடு சமனாகும்வரை மிதக்கவிட்டு,
கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே விட்டேன்.

பத்தும் ஒரே மூலைக்குப் போயின.
ஹீற்றருக்குப் பின்னால்,
ஒன்றின் வயிறு இன்னொன்றின் முதுகில் படுகிற மாதிரி,
மூன்று லீட்டர்கூட இராது.
நீர்ப்புல்லும் மணலும் அப்படியே கிடந்தன.

"உந்த இடமெல்லாம் ஆருக்கடா?" என்றார் அண்ணை.

தொங்கு ரயில் போனது.
தண்ணீர் நடுங்கியது.
பத்தும் ஒன்றாய்த் திரும்பி
இன்னும் கொஞ்சம் நெருங்கிக்கொண்டன.