ஒப்புதல் படிவம்

சயானில் ஒரு பல் மருத்துவமனை.
திங்கள் முதல் சனி வரை
வாய்களைப் படமெடுப்பது என் வேலை.
கன்னத்தை விலக்கிப் பிடிக்கப் பிளாஸ்டிக் கொக்கி,
லென்ஸைச் சுற்றி வளைய ஃபிளாஷ்,
கடைவாய் வரைக்கும் நிழலே விழாத வெள்ளை.
"ஒண்ணுமில்ல, வெளிச்சம்தான்" என்பேன்
மராத்தியில், இந்தியில்,
தாராவியிலிருந்து வருகிறவர்களிடம் தமிழில்.
அதற்குமுன் மஞ்சள் தாளில் கையெழுத்து:
எடுக்கச் சம்மதம், பிறருக்குக் காட்டச் சம்மதம்,
முகத்தை மறைக்கச் சொன்னால் மறைத்துவிடுவோம்.

ஞாயிறு, அதே கேமராவோடு ஆரே காடு.
டாக்டர் கர்க்கேராவுக்குத் தெரியும்.
லென்ஸில் மண் இருந்தால் மட்டும் கேட்பார்.

பல்லுக்கு நல்ல வெளிச்சம் பூச்சிக்கு ஆகாது.
வளையம் போட்டு எடுத்த முதல் தும்பியின் கண்ணில்
வெள்ளையாய் ஒரு வட்டம்.
அத்தனை ஆயிரம் கண்ணறைகளையும்
அது ஒன்றே அடைத்துக்கொண்டிருந்தது.
கழற்றினேன்.
அச்சு மாவு வந்த பெட்டியின் நுரைத்தாளை
லென்ஸுக்கு மேல் தொட்டில்போல் வளைத்துக் கட்டி,
ஃபிளாஷின் வலுவைப் பதினாறில் ஒன்றாக்கித்
தாளுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.
கீழே தெர்மகோல் துண்டு, வயிற்றுக்கும் கொஞ்சம்.

பொன்வண்டுக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை.
எச்சில் மினுக்கத்தைப் போக்க
வாய்க்குப் போடும் போலரைசரைப் போட்டேன்.
மினுக்கம் போனது. பொன்னும் போனது.
ஆறு கால் முளைத்த கரித்துண்டு.
பளபளப்புக்கு அடியில் நிஜ நிறம் இருக்கும் என்று
யார் எனக்குச் சொன்னது?

இதுவரை வெளிச்சம்.
மற்றதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

குழுவில் சிலர் கிளிசரின் தெளிப்பார்கள்.
மே மாத மும்பையில் பனித்துளி!
நடுவர் கேட்கவில்லை, பரிசு கொடுத்தார்.
நான் சிரித்தேன், தெளிக்காதவள் என்ற மிதப்பில்.

அடுத்த வாரமே
ஒரு கொள்ளை ஈயைக் கோப்பையில் மூடி
கிளினிக் ஃப்ரிட்ஜில் வைத்தேன்,
மரப்பூசி மருந்துக்கும் ஜிக்னாவின் மோர் பாட்டிலுக்கும் நடுவில்.
எட்டு நிமிடம்.
வெளியே எடுத்தபோது என்ன பணிவு.
காலை நகர்த்தினேன், நகர்ந்தது.
தலையைத் திருப்பினேன், திரும்பியது.
மயிரிழை மயிரிழையாக முன்னகர்ந்து நாற்பத்திரண்டு படம்,
அடுக்கினால் ஒன்று.
மீசை முதல் இறக்கை நரம்பு வரை துல்லியம்.
"எப்படி இவ்வளவு நேரம் உட்கார்ந்தது?" என்றார் சாவந்த்.
"காலையிலேயே போய்விட்டேன்" என்றேன்.
பொய்கூட இல்லை.
கிளினிக்குக் காலையிலேயே போயிருந்தேன்.

சூடேறியதும் பறந்தது.
ஜன்னல் வரைக்கும்.
இடது பின்னங்கால் மட்டும் விழிக்காமல்
தொங்கியபடி கூடவே போனது.

அன்று மதியம் மரப்பூசி போட்டுக்கொண்ட ஓர் அம்மா
கீழுதட்டைத் தொட்டுத் தொட்டு
"இருக்குல்ல? இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.
இருக்கும்மா, இருக்கு.

அந்தப் படத்தின் கீழே இப்போது எழுதியிருக்கிறேன்:
ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தது. எட்டு நிமிடம்.
சாவந்த் பேசுவதில்லை.
கிளிசரின்காரர்கள் கூடுதலாகப் பேசுகிறார்கள்.

போன ஞாயிறு இன்னொரு கொள்ளை ஈ.
மேகம் மூடியிருந்தது, என் நுரைத்தாளைவிட நல்ல தாள்.
ஃபிளாஷை அணைத்தேன்.
சேற்றில் முட்டி போட்டு ஒரு முழம், அரை முழம்.
சாண் தூரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தது.
போய்விட்டது.
கார்டில் ஒரு புல்நுனியும்
புகைபோல ஏதோ ஒன்றும்.
அழிக்கவில்லை.

திங்கள், முதல் ஆள் ஒரு பையன்.
மஞ்சள் தாளில் அவன் அம்மாவின் கையெழுத்து.
வாயில் கொக்கி.
"ஒண்ணுமில்ல, வெளிச்சம்..." என்று ஆரம்பித்தேன்.
'தான்' மட்டும் வரவில்லை.
"வெளிச்சம் வரும். பெருசா வரும்.
வேண்டாம்னா கையைத் தூக்கு."

தூக்கினான்.
கேமராவைக் கீழே வைத்தேன்.