ஒடித்துப் பார்

எல்கோவில் மார்ச் மாதம்.
பாதி பனி, பாதி சேறு, மிச்சம் காற்று.
ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றிருந்தது
கார்மெலோ இத்துர்ரியின் பிக்கப்.
ஆறு அங்குலம் உயர்த்தியிருக்கிறான்,
பழைய டயர்களையே மாட்டிக்கொண்டு.
ஆற்றைக் கடக்கப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபின்
ஆறு எங்கே என்று தேடுகிறவள் மாதிரி
நின்றது வண்டி.

"முப்பத்தேழு" என்றான், ஒரு வணக்கம்கூட இல்லாமல்.
தங்கச் சுரங்கத்தில் வேலை அவனுக்கு.
அங்கே டயர் ஒன்று ஆளைப்போல் இருமடங்கு உயரம்.
அதன் நிழலில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறவனுக்கு
நான் எதைக் காட்டினாலும் பொம்மைச் சக்கரம்தான்.

பதினேழு வருடமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன்.
பெரிசு கேட்டு வருகிற யாரும்
எதற்கென்று சொல்வதில்லை.
நானும் கேட்பதில்லை.
ஏறி உட்கார், ஸ்டியரிங்கை முழுசாக ஒடி
என்பேன், அவ்வளவுதான்.

ராய்ஸ் முன்பக்கம் ஒரு முப்பத்தேழை மாட்டிக் காட்டினான்.
நேராக நிற்கையில் அழகுதான், மறுக்கவில்லை.
இடப்பக்கம் ஒடித்தான்.
ஃபெண்டரின் உள்விளிம்பில் ரப்பர் பட்டு
ஒரு சத்தம்,
பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி.
நேராகப் போகிறவரை எதுவும் உரசாது, கார்மெலோ.

"வெட்டிவிடேன்" என்றான் தகரத்தைக் காட்டி.
வெட்டலாம்.
வெட்டியது வளராது.

ரசீதின் பின்பக்கத்தில் முப்பத்தைந்துக்குக் கணக்குப் போட்டேன்.
சக்கரம் பெரிசானால் சுற்று குறையும்.
வண்டிக்குச் சுற்று மட்டும்தான் தெரியும்,
சாலை தெரியாது.
முள் எழுபது என்னும், நீ எழுபத்தெட்டில் போவாய்.
போலீஸ்காரனிடம் முள்ளைக் காட்டி வாதாட முடியாது.
தூரத்தையும் குறைத்துத்தான் சொல்லும்,
பத்துக்கு ஒன்பது.
திருத்திவிடலாம், பத்து நிமிட வேலை,
நாற்பது டாலர்.

அவன் உதடு மட்டும் அசைந்தது.
"வின்னமக்கா நூற்றிருபத்து நான்கு மைல்" என்றான்.
"அப்போ?"

"நூற்றுப் பன்னிரண்டு. அதிலும் கொஞ்சம் குறைய."

வெள்ளிதோறும் அவன் போகிற ஊர் அது.
எந்த வாரம் யாருக்கு என்று நீதிபதி எழுதியதுவரை
எல்கோவில் எல்லாருக்கும் தெரியும்.
நெக்கானேக்கு ஆறு வயது.

ரசீதை வாங்கி மடித்தான்,
இன்னொரு முறை மடித்தான்.
"திருத்த வேண்டாம்."

பைத்தியமே, சாலை அதே சாலைதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு வால்வு மூடிகளை எண்ணினேன்.
நான்கு.
ஐந்தாவது டயருக்குப் பணமில்லை;
ஸ்பேராகப் பழையது ஒன்று படுக்கையில் கிடக்கட்டும்,
பஞ்சரானால் நொண்டிக்கொண்டே வீடு சேரலாம்.

ஐம்பது மைல் ஓடியதும் வா,
நட்டுகளை மறுபடி இறுக்கணும்.
உன் மீட்டரில் நாற்பத்தைந்து.
தலையாட்டினான்.

திங்கட்கிழமைதான் வந்தான்.
இருநூற்று இருபத்து மூன்று சொச்சம் என்றது மீட்டர்.
எனக்குத் தெரியும் அது எவ்வளவு என்று.
திட்டினேன்.
காப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டே
முழுவதையும் வாங்கிக்கொண்டான்.
முன்பக்கம் மூன்று நட்டு கால் சுற்றுக்குத் தளர்ந்திருந்தன.
ரெஞ்ச் டிக்கென்றது, டிக்கென்றது.
வலப்பக்கம் போனேன்.

படி எதுவும் மாட்டியிருக்கவில்லை.
கதவுக்குக் கீழே, காய்ந்த சேற்றில்,
சின்ன ஷூவின் தடங்கள்:
வழுக்கியது ஒன்று,
அதற்கு மேலே பாதி பதிந்தது ஒன்று,
கைப்பிடிக்குக் கிட்டே நுனி மட்டும்,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கழுவிவிடலாம் என்று ராய்ஸ்
ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தான்.
பின் டயர்களில் காற்றுப் பார்க்கவில்லை
என்று அவனை அந்தப் பக்கம் அனுப்பினேன்.