ஐந்தரை மணி நேரம்

பழைய சர்வரைப் புதியதுக்கு
ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினேன்.
மெயில் எல்லாம் பத்திரம். காலண்டர்தான்
கிரீன்விச்சில் கண் விழித்தது.
பத்து மணி ஆடிட்டர் விடிகாலை நாலரைக்கு.
சேகோ ஆலையே என்னை ஏசியது,
ஈரமாவின் புளிப்பு நெடியோடு.

பிலோமினா மட்டும் வாய் திறக்கவில்லை.
தினமும் ஐந்தரைக்குக் ‘கிளம்பு’ என்று போட்டுவைத்து
எட்டுவரை கணக்கெழுதுகிறவள்.
அன்று அது பன்னிரண்டுக்கு ஒலித்தது.
பையை எடுத்தாள்.
ஏற்காடு பஸ்ஸிலிருந்து ஒரு மெயில்:
‘பதினாறாவது கொண்டை ஊசி.
ஆலைக் கூரை தெரியுது,
என் மேஜை தெரியல.’

சாயங்காலத்துக்குள்
நாற்பத்தோரு பேரின் நேரத்தைத் திருத்திவிட்டேன்.
பதிவேட்டில் கடைசி வரி:
பிலோமினா, கணக்குப் பிரிவு.
கோளாறு எதுவும் தென்படவில்லை.