குழாய் எண் 217

மே மாதம். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி,
என் குளிர்பெட்டிக்குள் நான்கு.
இரண்டுக்கும் நடுவே கையுறை போட்ட விரல்கள்.

முத்து என்று நாங்கள் சொல்வது கண்ணுக்குத் தெரியாத இரும்பு.
ஒவ்வொரு முத்தின் மேலும் ஓர் ஏற்பியின் நுனி,
ஜவுளிக்கடையில் சேலையைத் தடவிப் பார்க்கிற கை போல.
அதற்குக் கண் இல்லை. ஊர் பேர் கேட்காது.
கிருமியின் சட்டையில் ஒரு சர்க்கரைப் பின்னல் உண்டு,
நம் செல்கள் அப்படிப் பின்னுவதில்லை.
தொட்டால் தெரியும். தெரிந்தால் விடாது.
அவ்வளவுதான் அதன் படிப்பு.
நான் எம்.எஸ்சி., இரண்டு அரியர்.

217-ஐ வார்டு பையன் வைத்துவிட்டுப் போனான்.
எங்கள் ஆய்வில் பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஆனால் அவசரத்தில் யாரோ
பழைய ஸ்டிக்கர் மேலேயே புதியதை ஒட்டியிருந்தார்கள்.
ஓரம் பிரிந்து
‘...ருன்னிசா, 41, குடியாத்த...’
மீதியை நான் உரிக்கவில்லை.
குடியாத்தம் என்றால் பீடியோ தீப்பெட்டியோ,
ஐந்து நாள் காய்ச்சலை
மருந்துக்கடை மாத்திரையில் தள்ளிப்போட்ட வாரக்கூலி
என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஸ்பூன் ரத்தம். முத்துகளோடு இருபது நிமிடம் சுழலவிட்டு
குழாயின் விலாவில் காந்தத்தை வைத்தேன்.
பழுப்பாய் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கின,
காட்பாடியில் ரயில் நின்றதும்
ஒரே கதவுக்கு ஓடுகிற கூட்டம் மாதிரி.
கழுவினேன், சாயம் விட்டேன்.
கருவியில் எண் ஏறியது.
ஏறிக்கொண்டே இருந்தது.

கீழ்த்தளத்தில் அதே ரத்தம் வளர்ப்பு பாட்டிலில்
பதினொரு மணி நேரமாக வாய் திறக்கவில்லை.
எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு சொலவடை உண்டு:
நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை.
நான் ஒன்று சேர்ப்பேன்,
கிருமி காட்டாத பாட்டில், கொதிக்கிற உடம்பு.

விதி தெரியும். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஆய்வின் முடிவு வார்டுக்குப் போகக் கூடாது.
சரியான விதிதான்.
பிப்ரவரியில் இதே முத்துகள்
வெறும் உப்புநீரைப் பார்த்து ‘ஆள் இருக்கு’ என்று கத்தின.

பக்கத்து அறையில் அதே கைகளை வடிகட்டிக்குள் நிரப்பி
பன்றி ரத்தத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள்.
கிருமி உடம்பு என்று நம்பி ஒட்டும்,
ரத்தம் மட்டும் திரும்பிப் போகும்.
அது ஒரு மனிதக் கட்டிலுக்கு வர
இன்னும் பத்து வருடமாவது ஆகும் என்கிறார்கள்.
217-க்கு இருப்பது இந்த ராத்திரி.

கீழே போன் போட்டேன். ஜலகண்டேசன் எடுத்தார்.
“அண்ணா, மெஷின் கத்துற வரைக்கும் காத்திருக்கணுமா?”
“எதுக்கு?”
“சும்மா. குடியாத்தத்துல வெயில் ஜாஸ்தியாமே.”
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

நாற்பது நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார்.
“ஸ்லைடு போட்டேன். பிங்க் கலர்ல குச்சி குச்சியா இருக்கு.
வார்டுக்குச் சொல்லிட்டேன், மருந்தை மாத்துறாங்க.
உன்கிட்ட ஏன் சொல்றேன்னு எனக்கே தெரியல.”

மறுநாள் விதிமீறல் படிவம் ஒன்றை நானே நிரப்பினேன்.
காரணம் என்ற இடத்தில்
‘வெயில்’ என்று எழுதி, அடித்து,
நடந்ததை எழுதினேன். ஒரு மாதம் என்னை
குழாய் கழுவ மட்டும் விட்டார்கள்.

முப்பதாம் நாள் பட்டியல் வந்தது.
என் நோட்டில் குறிக்கும் வழக்கம்:
உயிருடன் என்றால் உ, இறப்பு என்றால் இ.
விரல் கண்ணில்லாமல் தடவிக்கொண்டே இறங்கி
217-இல் நின்றது.
உ.
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எனக்கே
அது பிள்ளையார் சுழியாகத் தெரிந்தது.

அடுத்த வரி 218.
அன்று அந்த ரத்தத்தில் முத்துகள் எதையும் பிடிக்கவில்லை.
அங்கே இ.

பேனாவை மூடாமலே குளிர்பெட்டியைத் திறந்தேன்.
நான்கு டிகிரி. குழாய்கள் வரிசையாக,
எதையும் இன்னும் தொடாத கைகள்.