ஐந்தடி ஒன்றரை அங்குலம்

பேரளத்தில் எங்கள் இ-சேவை மையத்தின் ஷட்டரைப்
பாதி இறக்கிவிட்டு,
ஊருக்கெல்லாம் பட்டா எடுத்துக் கொடுக்கும் கணினியில்
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
என் ஆட்களைத் தேடுகிறேன்.

வில்லங்கச் சான்று
எழுபத்தைந்துக்கு அந்தப் பக்கம் போக மறுக்கிறது.
அதற்கு முன்னால் எங்களிடம்
வில்லங்கம் செய்யக்கூட நிலமில்லை.
நிலமில்லாதவன் கதை
வேறு யாருடைய கணக்கிலோதான் கிடக்கும்.

எங்களுடையது கப்பல் கணக்கில்.
நேட்டாலுக்குப் போன ஆட்களின் பட்டியலை
டர்பனில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்
வரி வரியாகத் தட்டச்சு செய்து
காசில்லாமல் போட்டு வைத்திருக்கிறார்.
நன்றி எழுதி மூன்று வாரமாகிறது, பதில் வரவில்லை.

திரையில் வட்டம் சுற்றுகிறது
மேட்டூர் திறந்து பதினெட்டு நாளாகியும்
கடைமடைக்கு வந்து சேராத தண்ணீர் மாதிரி.

தேடவேண்டியது ஒரே ஒரு பெயர்.
வைரக்கண்ணு.
பூட்டன் சாமிக்கண்ணுவுக்கு மூத்தவன்.
பண்ணையில் மாட்டை அவிழ்த்துவிட்டு
அப்படியே கப்பலேறிப் போன அண்ணன்.
பெரியப்பா சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது.

வீ போட்டுத் தேடினேன், பீ போட்டு, டபிள்யூ போட்டு.
கண்ணு கன்னு ஆனது, கன்னி ஆனது,
ஓரிடத்தில் குன்னு.
தாழமங்கலத்தின் ழ-வுக்கு
எல் போட்டேன், ஆர் போட்டேன், இசட் போட்டேன்.
ஒரு ழ-விலிருந்து பதினோரு ஊர் முளைத்தது.
எதிலும் அவன் இல்லை.

ஜெராக்ஸ் கடை அபுசாலி
பினாங்கில் தன் பாட்டனாரின் அப்பாவை
கபர் படத்தோடு கண்டுபிடித்தவன்.
"பேரை விடுக்கா, ஊரைப் பிடி.
நீயா நெரப்புன கட்டத்தையெல்லாம் காலி பண்ணு" என்றான்.

வயதை அழித்தேன். அப்பன் பெயரை அழித்தேன்.
'ஆண்' என்பதன் பக்கத்தில்
முதல் நாளிலிருந்தே நின்ற புள்ளியையும்.

ஒரே ஒரு வரி வந்தது.

வைரக்கண்ணு. வயது இருபத்திரண்டு. பெண்.
தஞ்சாவூர் ஜில்லா, தாழமங்கலம்.
உயரம் ஐந்தடி ஒன்றரை அங்குலம்.
இடது முழங்காலில் அரிவாள் தழும்பு.
கூட வந்தவர்: இல்லை.
நெருங்கிய உறவு: தம்பி, சாமிக்கண்ணு.

பாதி ஷட்டருக்குக் கீழே தெரியும் ரோட்டையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாயவரம் பஸ் ஒன்றின் சக்கரம் மட்டும் போனது.

தனியாய்ப் போன அக்காவை
யாரிடமும் சொல்ல முடியாமல்
அவளை அண்ணன் ஆக்கியிருக்கிறான் சாமிக்கண்ணு.
அண்ணன் என்றால் கப்பலேறலாம்.
எங்கே இருக்கானோ என்று
நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லலாம்.
மறைக்கச் செய்தானா, மறக்காமல் இருக்கச் செய்தானா,
அதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.
"அது வேற வைரக்கண்ணா இருக்கும்."
இருக்கலாம்.
ஓர் ஊரில் இரண்டு வைரக்கண்ணும்
இரண்டு சாமிக்கண்ணும் இருந்திருக்கலாம்.
வைக்கப் போனவர் மறுபடி கேட்டார்:
"கதிர் அறுக்கையில கால்ல பட்டுச்சுன்னு
எங்க அப்பா சொல்லும்.
எந்தக் கால்னு போட்டிருக்கு?"

தை அமாவாசைப் படையலில்
நூறு வருஷத்துக்கு மேலாக அவளுக்கு
எட்டு முழ வேட்டியும் ஒரு கட்டு சுருட்டும் வைத்திருக்கிறோம்.

நேற்று மாயவரத்தில் ஒரு நூல்சேலை எடுத்தேன்.
என்ன நிறம் பிடிக்கும் என்று எங்கும் எழுதவில்லை.
ரவிக்கை தைக்கணுமா, அளவு இருக்கா
என்றாள் கடைப்பெண்.
உயரம் மட்டும் தெரியும் என்றேன்.