ஆயிரத்து நூற்று எண்பது அடி

வெள்ளிக்கிழமைக்குள் தலைப்பு வேண்டும்.
பாடம் வேதியியல்தான், ஆனால் கட்டுரை
ஒருமுறையாவது கல்லைத் தொட்டிருக்க வேண்டும்
என்று மேசையைத் தட்டினார் ஷெட்டர் மேடம்.

லால்பாக் பாறையை முதல் மணியிலேயே
மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள்.
முன்னூறு கோடி ஆண்டு கிடந்ததற்கு
மூன்று பேர் ஒரு பாரமா, கிடக்கட்டும்.
கோலார் தங்கமும் சயனைடும் பிராச்சிக்கு.
பெல்லந்தூர் நுரையில் கல்லே இல்லையாம்.
நான் எழுதி அடித்தவை:
வைரமும் பென்சிலும் (எட்டாம் வகுப்பு வாசனை),
இமயத்து உப்பு (இமயம் எங்கே, ஹொரமாவு எங்கே),
பிறகு வெறும் கேள்விக்குறி.
அதன் புள்ளியின் மேல் பேனாவை ஓட்டி ஓட்டி
ஒரு கூழாங்கல் செய்துவிட்டேன்.

இரவு பதினொன்றுக்கு
விடுதியின் பின்சுவரை ஒட்டி வந்து நின்றது
திருச்செங்கோட்டு போர் வண்டி.
கட்டில் அதிர்ந்தது, கண்ணாடி டம்ளர் நகர்ந்தது.
ரெஹானா தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டாள்.
நான்கு நாளாய் டேங்கர் வரவில்லை,
அதனால் யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை.

முதலில் சிவப்பாய் வந்தது, அப்புறம் மஞ்சள்,
அப்புறம் விடியும்வரை சாம்பல்.
நூறு அடிக்கு ஒரு கை அள்ளி
சுவரோரம் குவித்துக்கொண்டே போனான் ஒருவன்.
பூவரசா என்று மேலிருந்து கூப்பிட்டார்கள்.
"எனக்குக் கொஞ்சம் வேணும்" என்றேன்.
தமிழுக்குத் திரும்பினான்.
"எதுக்குங்க, கோலம் போடவா?"
"காலேஜுக்கு."
"கல்லுக்குமா காலேஜு" என்றவன்
"தள்ளி நில்லுங்க, காத்து அடிக்கும்" என்றான்.
அடித்தது. புருவம்வரை பாறை.

ஆறு குவியல், ஆறு டப்பா.
ஆறாவது ரெஹானாவின் முகக் க்ரீம் டப்பா,
அவளுக்கு இன்னும் தெரியாது.

பழைய போர்வெல் வற்றும்வரை
கொதிக்க வைத்துக் குடித்தோமே, அந்தக் கெட்டிலின்
அடியைச் சுரண்டி, வெள்ளைப் பொருக்கின் மேல்
வினிகர் ஒரு சொட்டு விட்டேன்.
சுர்ரென்று பொங்கியது.
கல்பொடியில் ஒரு சொட்டு.
சும்மா இருந்தது. இன்னொரு சொட்டு. சும்மா.
பொங்காத இதற்குள்ளிருந்து
பொங்குகிற அது எப்படி வந்தது?

மழை, மிக மிக நீர்த்த சோடா.
விரிசல் வழியே இறங்கி
ஃபெல்ட்ஸ்பாரின் பளபளப்பை மாவாக்கி
கால்சியத்தை மட்டும் கைப்பிடித்து
வெளியே அழைத்து வருகிறது,
அவசரமே இல்லாமல், ஊர் இல்லாத காலத்திலிருந்து.
வந்த கால்சியம்
எங்கள் தலைமுடியை நாராக்கிவிட்டு
கெட்டிலில் குடியேறுகிறது.

ஆயிரத்து நூற்று எண்பதில் நிறுத்தினார்கள்.
தண்ணீர் இல்லை. பொடியில் ஈரம்கூட இல்லை.
வார்டன் போனைக் காதில் வைத்தபடி
நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.
பூவரசன் குழாய்களை எண்ணி ஏற்றினான்.
அடுத்தது ராமமூர்த்தி நகராம்.

தாளை எடுத்தேன்.
தலைப்பு: ஹொரமாவுக் கெட்டிலில் கால்சியம் வந்த வழி.
மாதிரிகள்: ஆறு.
ஆறாவதற்கு நேரே, ஆழம், நிறம் எல்லாம் எழுதி,
நீர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

ரெஹானா எழுந்து
எதையோ தேடுகிறாள்.