சிவப்பு எரியாத நாட்கள்

மூன்றாவது பேட்டரி இது.
முதலாவது கிழடு என்றார்கள், சரி.
இரண்டாவது பனியில் செத்தது என்றார்கள், அதுவும் சரி.
மூன்றாவதுக்கு வயது ஐந்து மாதம்.
கதவைத் திறந்தால் உள்விளக்கு
மஞ்சள்காமாலைக் கண்ணாய் ஒருமுறை விழித்து
மூடிக்கொள்கிறது.

வூப்பர்டாலில் ஒரு வசதி, பாதித் தெருக்கள் சரிவு.
மூக்கைப் பள்ளம் பார்த்து நிறுத்தினால் போதும்.
சாவி, கிளட்ச், இரண்டாவது கியர்,
கைபிரேக்கை விட்டு
ஏசுவே என்பதற்குள்
எண்பத்தேழாம் வருடத்து டர்போ
தும்மி உதறி எழுந்துவிடும்.
எதிர்வீட்டு ஹாகெடோர்ன் அம்மாள்
ஜன்னலில் நின்று கை தட்டுவாள்.
கிண்டலா பாராட்டா,
ஜெர்மனில் எனக்கு இன்னும் அது பிடிபடவில்லை.

மெக்கானிக் யோர்ன் ஆல்டர்னேட்டரை மாற்றினான்.
மறுபடி மாற்றினான்.
பெல்ட்டை இறுக்கினான், பில்லை நீட்டினான்.
ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்து மீட்டரைக் காட்டினான்:
பதினான்கு புள்ளி ஒன்று வோல்ட்.
"பார் ஜெர்லின், குதிரை."
டாக்டர் வாசலில் இறங்கிவிடும் காய்ச்சல் போல
அவன் முன்னால் அது ஒருநாளும்
நோயைக் காட்டியதில்லை.

பத்தொன்பது யூரோவுக்கு நானே ஒரு மீட்டர் வாங்கினேன்.
மழை இரவு, நெற்றியில் டார்ச்,
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
கசிவைத் தேடினேன்.
தலைக்கு மேலே தொங்கு ரயில்
ஊருக்கே கேட்க மின்சாரம் தின்றுகொண்டு போயிற்று.
என் காரில் கசிவு இல்லை.
திருடன் இல்லை.
வருமானமே இல்லை.

பிறகு வார்டில் செய்வது போல ஒரு சார்ட் போட்டேன்.
திங்கள், பன்னிரண்டு புள்ளி இரண்டு.
செவ்வாய், பன்னிரண்டு.
புதன், பதினொன்று எட்டு.
விடியற்காலை ஷிஃப்ட், தூங்கும் தெரு,
முள் இரண்டாயிரத்தைத் தாண்டாமல்
பூனைபோல் ஓட்டிய நான்கு கிலோமீட்டர்கள்.
ஞாயிறு டார்ட்முண்டில் தமிழ்ப் பூசை,
ஆட்டோபானில் நாலாயிரம் வரை விட்டுப் பிடித்தேன்.
சாயங்காலம் பன்னிரண்டு ஆறு.
அடித்து ஓட்டினால் பிழைக்கிறது,
அடக்கி ஓட்டினால் சாகிறது.
இரண்டு வருடம் அதற்கு நான் காட்டிய கரிசனம்தான்
அதைக் கொன்றுகொண்டிருந்தது.

எது இதைத் தட்டி எழுப்பவேண்டும்?
சமையல் மேசையில் வயரிங் படத்தை விரித்து
நீலக் கம்பி ஒன்றை விரலால் தொடர்ந்தேன்.
ஆல்டர்னேட்டரில் புறப்பட்டு
எஞ்சின் சுவரைத் துளைத்து
டாஷ்போர்டுக்குள் ஏறி
முடிகிற இடம்
பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு.
அந்தக் குட்டி பல்பின் வழியே சொட்டும் மின்சாரம்தான்
தூங்கும் காந்தத்துக்கு முதல் கரண்டி கஞ்சி.
பல்பு செத்தால் கஞ்சி இல்லை.
அப்புறம் அது கத்திக் கூப்பிட்டால்தான் எழும்.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன்.
ஆயில் விளக்கு எரிந்தது, கைபிரேக் எரிந்தது.
நடுவில் ஒரு சதுரம் இருட்டு.

வெட்கம்.
டயாலிசிஸ் வார்டில் பதினொரு வருடம்.
நோயாளியை மெஷினில் இணைக்கும் முன்
தினமும் அலாரம் சோதிக்கிறேன்.
சிவப்பு எரியவேண்டும், மணி அலறவேண்டும்,
இல்லையென்றால் நாற்காலி காலி.
எரியாத சிவப்பை நம்பாதே என்று
புதிதாய் வரும் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி
வாய் வலித்தவள்
சொந்தக் காரில் அந்த இருட்டைப் பார்த்து
நல்லாயிருக்கு என்று போய்க்கொண்டிருந்தேன்.

பல்பு ஒரு யூரோ நாற்பது.
டாஷ்போர்டைக் கழற்ற மூன்று மணி நேரம்,
விரலில் ரத்தம்,
எங்கே போவதென்று தெரியாத ஒரு திருகு மிச்சம்.
சாவியைத் திருப்பினேன்,
சிவப்பு வந்தது.
உடனே ஸ்டார்ட் செய்ய மனம் வரவில்லை.
கொஞ்ச நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஹாகெடோர்ன் அம்மாள்
காப்பிக் கோப்பையோடு ஜன்னலில் தயாராய் நின்றாள்.
வண்டி சாவியிலேயே எழுந்துவிட்டது.
திரையை இழுத்துவிட்டாள்.

காரின் கடிகாரம் மட்டும் இன்னும் நான்கு பத்திலேயே நிற்கிறது.
அதற்கும் ஒரு கம்பி இருக்கும்.
நான் இன்னும்
பள்ளம் பார்த்தே நிறுத்துகிறேன்.